பெரிய கூலன்ட் டேங்க் போட்டால் இன்ஜின் சூடு குறையுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்க வரும் மற்றவர்களுக்கும் உதவும். உங்களிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230. கூடுதல் சக்திக்காக ஸ்டேஜ் 2 டியூன் செய்து, கம்பெனி இன்டர்கூலரை (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) எடுத்துவிட்டுத் தடிமனான ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாலைந்து லேப் வேகமாகப் போனால் டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியாகப் போனபோது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அதன் டப்பாவின் மூடி வழியாக வழிந்தும் இருக்கிறது. டியூன் செய்த கடையில், 'இந்த பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும் அலுமினிய டேங்க் போடுங்கள், சூடு குறைந்துவிடும்' என்கிறார்கள். டேங்கை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இருக்கும் கேள்வி, கூலன்ட் அதிகம் இருந்தால் இன்ஜின் சூடு குறைவாக ஓடுமா என்பது. ஓடாது. சூடாவதைச் சில நொடிகள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஆனால் டேங்கை மாற்றுவதற்கு வேறு நியாயமான காரணங்கள் உண்டு. உங்கள் காரில் கூலன்ட் வழிந்த விஷயம் அந்தக் காரணங்களுக்குப் பக்கத்தில் வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பாதி தண்ணீர், பாதி கிளைக்கால் கலந்த கூலன்ட் ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3.6 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கூடுதலாக வரும் இரண்டு லிட்டரை 20 டிகிரி ஏற்ற 144 கிலோஜூல். இனி உங்கள் இன்ஜினைப் பாருங்கள். ஸ்டேஜ் 2-வில் 300 குதிரை சக்தி என்று வைத்துக்கொண்டால், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கூலன்டுக்குள் இறங்கும் வெப்பம் 100 கிலோவாட்டைத் தாராளமாகத் தாண்டும். அதில் பெரும்பகுதியை ரேடியேட்டர் வெளியே தள்ளிவிடுகிறது. தள்ள முடியாமல் மிஞ்சுவது வெறும் 10 கிலோவாட் என்று வைத்தால்கூட, அந்த இரண்டு லிட்டர் உங்களுக்குச் சம்பாதித்துத் தருவது 14 நொடி. மிச்சம் 5 கிலோவாட்தான் என்றால் அரை நிமிடம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லேப்புக்கே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். உள்ளே வருவதை விட வெளியே போவது குறைவாக இருக்கும் வரை, எத்தனை லிட்டர் ஊற்றினாலும் டெம்பரேச்சர் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும், கொஞ்சம் தாமதமாக. திரும்பி ஆறுவதற்கும் அதே அளவு தாமதமாகும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இந்த 14 நொடி கணக்கே டேங்குக்குச் சாதகமாகப் போட்டது. உங்கள் காரில் கூலன்டின் பெரிய ஓட்டம் பம்ப், இன்ஜின் பிளாக், ஹெட், ரேடியேட்டர் என்று சுற்றுகிறது. டப்பா அந்தச் சுற்றில் இல்லை. மேலேயிருந்து விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு குழாய் காற்றோடு கொஞ்சம் கூலன்டைக் கொண்டுவந்து டப்பாவில் விடும், கீழேயிருந்து இன்னொரு குழாய் பம்புக்குத் திரும்பும். அந்தச் சின்ன ஓட்டத்தில் டேங்கிலிருக்கும் கூலன்ட் முழுவதும் கலந்து இன்ஜினுக்கு உதவ நேரமாகும். அதனால் கூடுதல் இரண்டு லிட்டர் முழுதாக வேலைக்கு வரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. அலுமினியம் வெப்பத்தைக் காற்றில் விடுமே என்று கேட்கலாம். விடும், ஆனால் ரேடியேட்டரில் இருக்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய துடுப்புகளின் பரப்போடு ஒப்பிட்டால் ஒரு டேங்கின் வெளிச்சுவர் ஒன்றுமே இல்லை. போதாததற்கு அது உட்கார்ந்திருப்பது சூடான பானெட்டுக்குள்.

அப்படியானால் டப்பா எதற்கு? மூன்று வேலை: சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் கொடுப்பது, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது, சுற்றில் சேரும் காற்றைப் பிரித்தெடுப்பது. கூலன்ட் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது சுமார் 5 சதவீதம் விரியும். எட்டு லிட்டர் பிடிக்கும் சுற்றில் அது 400 மில்லி. இதற்காகத்தான் டப்பாவில் 'மேக்ஸ்' கோட்டுக்கு மேலே காலி இடம் விட்டிருக்கிறார்கள். டிராக்குக்குப் போகிறோமே என்று கழுத்து வரை ஊற்றி மூடுபவர்கள் நிறைய. விரிய இடமில்லாத கூலன்ட் மூடியைத் திறந்துகொண்டுதான் வெளியே வரும், இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும். நீங்கள் அன்று எந்த அளவுக்கு ஊற்றியிருந்தீர்கள் என்று எழுதவில்லை. வழிந்ததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அழுத்தம் இன்னும் சுவாரசியமான விஷயம். மூடி இங்கே குக்கர் வெயிட்டின் வேலையைச் செய்கிறது. திறந்த பாத்திரத்தில் பாதிக்குப் பாதி கலவை ஏறத்தாழ 107, 108 டிகிரியில் கொதிக்கும். ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் 1.1 பார் மூடி (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்), உங்களுடையது போன்ற ஐரோப்பியக் கார்களில் 1.4 பார் பக்கம். அந்த அழுத்தம் இருந்தால் கொதிநிலை 130 டிகிரிப் பக்கம் போய்விடும். இங்கேதான் பெரிய டேங்க் காலை வாரிவிடக்கூடும். கூலன்டுக்கு மேலே ஒரு லிட்டர் காற்று இருக்கிறது, கூலன்ட் 400 மில்லி விரிகிறது என்றால் அந்தக் காற்று நன்றாக நசுங்கி, தானும் சூடாகி, வெளிக்காற்றை விட ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தைத் தரும். காற்று இடத்தை இரண்டு லிட்டராக்கிவிட்டால் அதே விரிவுக்குக் கிடைப்பது சுமார் அரை பார்தான். ஹோஸ்கள் கொஞ்சம் உப்புவதால் நிஜத்தில் இரண்டுமே இதை விடக் குறையும். கூலன்டின் ஆவி தரும் அழுத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி கூடும். ஆக, பெரிய டேங்கை வாங்கி அதில் பாதியைக் காற்றாக விட்டால் சிஸ்டத்தில் அழுத்தம் சீக்கிரம் ஏறாது. அழுத்தம் குறைந்தால் பம்பின் வாயில் குமிழ்கள் உருவாகி ஓட்டம் தடுமாறும், ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிய இடங்களில் கூலன்ட் கொதித்து ஆவிப் படலமாக ஒட்டும். உங்கள் ஈ.ஏ.888 மூன்றாம் தலைமுறை இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே ஹெட்டுக்குள் வார்க்கப்பட்டு, அதைச் சுற்றியும் கூலன்ட்தான் ஓடுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைவது நல்லதல்ல.

காற்றைப் பிரிக்கும் வேலைக்கு வருவோம். நல்ல டேங்கை நான் மதிப்பது இதற்காகத்தான். ரேஸ் கார்களில் 'ஸ்வர்ல் பாட்' என்று உருளையாக ஒன்று இருக்கும். கூலன்ட் அதன் பக்கவாட்டில் நுழைந்து சுழலும். குமிழ்கள் நடுவில் சேர்ந்து மேலே ஏறும், காற்றில்லாத கூலன்ட் அடியில் வெளியேறும். அதிக ஆர்.பி.எம்.மில் தொடர்ந்து ஓடும் இன்ஜினுக்கு இது உண்மையிலேயே பயன்படும், ஏனென்றால் கூலன்டில் கலந்த காற்று வெப்பத்தை எடுக்காது. ஆனால் இங்கே பலன் தருவது உள்ளமைப்பு, லிட்டர் அல்ல. வெளியே பளபளப்பாக, உள்ளே ஒரு தடுப்புத் தகடுகூட இல்லாமல் வெறும் பெட்டியாக விற்கப்படும் டேங்குகள் சந்தையில் ஏராளம். கம்பெனி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். காற்றைப் பிரிப்பதில் அந்த வெறும் பெட்டிகளை விட அது மேல்.

'எனக்குத் தெரிந்தவர் போட்டார், சூடு குறைந்தது' என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். டேங்கை மாற்றும்போது பழைய கூலன்ட் முழுக்க இறங்கி, புதியது ஏறி, புது மூடி வந்து, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கும். அந்த நான்கில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பேர் மட்டும் டேங்குக்குப் போய்விடுகிறது.

சரி, உங்கள் காருக்கு வருவோம். டெம்பரேச்சர் ஏறியதை எதில் பார்த்தீர்கள்? டேஷ்போர்டு முள்ளில் என்றால் விஷயம் தீவிரம். வோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களில் அந்த முள் 90-இல் நிற்கும்படி மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. உண்மையான சூடு ஏறத்தாழ 75-இலிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் அது அசையாது. அது 90-ஐத் தாண்டிவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே மோசம். மாறாக, காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் 100, 105 என்று பார்த்துப் பயந்தீர்கள் என்றால், இந்த இன்ஜினில் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. பழைய மெழுகு தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக, மின்சாரத்தில் சுழலும் வால்வு உள்ள ஒரு தொகுதிதான் இதில் கூலன்டை வழிநடத்துகிறது. மெதுவாக ஓட்டும்போது எரிபொருள் மிச்சத்துக்காக இ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கணினி) வேண்டுமென்றே 107 டிகிரி வரை வைத்திருக்கும், அழுத்தி ஓட்டினால் 85 பக்கம் இறக்கப் பார்க்கும். எனவே எண் மட்டும் போதாது. அந்த எண் வந்தபோது எவ்வளவு ஆக்ஸிலரேட்டர், எவ்வளவு வேகம், வெளிக்காற்று எத்தனை டிகிரி என்பதும் வேண்டும். முழு லோடில் போகும்போது ஒவ்வொரு லேப்பிலும் இரண்டு மூன்று டிகிரி ஏறி, ஒரு இடத்தில் நிற்காமல் 115-ஐத் தாண்டினால், ரேடியேட்டர் தோற்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

தோற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது உங்கள் புது இன்டர்கூலரை. இந்த வண்டியின் முகப்பில் ஏ.சி. கண்டென்சர், அதன் பின்னால் இன்டர்கூலர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர் என்று மூன்றும் ஒட்டி நிற்கின்றன. நடுவில் இருப்பதைத் தடிமனாக்கினால் ரேடியேட்டருக்கு வரும் காற்று குறையும், வருவதும் சூடாக வரும். இன்லெட் காற்றைக் குளிர்வித்த லாபத்துக்குக் கூலன்ட் விலை கொடுக்கிறது. எவ்வளவு கொடுக்கிறது என்பது இன்டர்கூலர் கோரின் (துடுப்புகள் அடுக்கிய நடுப்பகுதியின்) துடுப்பு நெருக்கத்தைப் பொறுத்தது. அதை உங்கள் காரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கூடவே, மாட்டும்போது ஓரங்களில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் பஞ்சுப் பட்டைகளையும் திரும்பப் போட்டார்களா என்று பாருங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் மூன்று கோர்களைத் துளைத்துக்கொண்டு போக அதற்கென்ன தலையெழுத்தா? அந்த இடைவெளிகளை அடைக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய். டிராக் கார்களில் சூட்டுப் பிரச்சினைக்கு இதைப் போல மலிவாகப் பலன் தரும் வேலை வேறொன்றை நான் பார்த்ததில்லை. கண்டென்சருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் சேர்ந்த மண், பூச்சி, பிளாஸ்டிக் கவர்த் துண்டுகளையும் அப்போதே எடுத்துவிடுங்கள். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே இன்னும் இறுகும். பின்னாலிருந்து முன்னோக்கி, மெதுவாக.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரேடியேட்டர் தள்ளும் வெப்பம், கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 105, காற்று 20 என்றால் வித்தியாசம் 85. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மே மாத மதியம் 40 என்றால் 65. அதே ரேடியேட்டர், அதே வேகம், கிட்டத்தட்ட கால்வாசி திறன் காணாமல் போகிறது. ஐரோப்பாவில் யாரோ இதே இன்டர்கூலரைப் போட்டு நாள் முழுக்க ஓட்டினார் என்ற வீடியோ நமக்குச் சாட்சியாகாது. அதோடு இன்ஜின் ஆயில், டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் ஆயில் இரண்டும் தங்கள் சூட்டை இதே கூலன்டில்தான் கொட்டுகின்றன. தொடர்ந்து டிராக்குக்குப் போவதாக இருந்தால், ஆயிலுக்குத் தனியாகக் காற்றில் ஆறும் கூலர் போடுவது கூலன்டின் சுமையைக் குறைக்கும் நேர் வழி. டேங்குக்கு வைத்திருக்கும் பணத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

வழிந்ததைப் பற்றி ஒரு கேள்வி: ஓடும்போது வழிந்ததா, பிட்டில் நிறுத்தி அணைத்த பிறகா? நிறுத்திய பிறகு என்றால், ஹெட்டின் உலோகத்தில் தேங்கிய சூடு நின்றுபோன கூலன்டைக் கொதிக்க வைத்திருக்கலாம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் 108 டிகிரியே போதும் கொதிக்க, உங்கள் இ.சி.யூ. சாதாரணமாகவே 107 வரை விடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். மூடியைப் பிரஷர் டெஸ்டரில் சோதிக்கச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் கம்பெனி மூடியே புதிதாக வாங்கிவிடுங்கள். இனிமேல் கடைசி ஒன்றிரண்டு லேப்பை ஏ.சி. இல்லாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஓடும்போதே வழிந்தது, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாகிறது, டப்பாவில் ஓயாமல் குமிழ் வருகிறது என்றால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். டப்பாவின் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவச் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு இருந்தால் மஞ்சளாகும். டியூன் செய்த டர்போ இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) லேசாக விடுவது புதிதல்ல. அப்படி இருக்கும் காரில் பெரிய டேங்க் போடுவது நோயை மறைக்கும். வழிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் சேதம் கூடும். இந்த இன்ஜினில் பிளாஸ்டிக் பம்ப்-தெர்மோஸ்டாட் தொகுதி கசிவதும் எல்லோருக்கும் தெரிந்த நோய்தான். அளவு மெல்ல மெல்லக் குறைந்தால் அங்கே பாருங்கள்.

கூலன்ட் கலவையை மாற்றினாலும் சின்ன லாபம் உண்டு. கிளைக்காலை விடத் தண்ணீர் அதிக வெப்பத்தைச் சுமந்து செல்லும். சென்னையில் உறைபனிக்குப் பயமில்லை, ஆகவே 60 சதவீத கிளைக்காலுக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் துருத் தடுப்பு மருந்துகள் அந்தக் கிளைக்காலோடுதான் கலந்து வருவதால் 40 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். தயாரிப்பாளரின் குறைந்தபட்ச அளவும் அதுதான். மீதி டிஸ்டில்டு வாட்டர். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டரே அடைந்துவிடும்.

பெரிய டேங்க் நிஜமாகவே வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது, குழப்பத்தின் ஊற்றே அதுதான் என்று நினைக்கிறேன். சில கார்களில் இன்டர்கூலரைக் குளிர்விப்பதே தண்ணீர். சூப்பர்சார்ஜர் வைத்த டாட்ஜ் ஹெல்கேட், ஷெல்பி ஜி.டி.500, நம் ஊரில் ஓடும் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ எல்லாம் அந்த வகை. நேர்கோட்டில் சீறிப்போகும் டிராக் (drag) ரேஸ் என்றால் பத்துப் பன்னிரண்டு நொடியில் ஓட்டம் முடிந்துவிடும். அங்கே 14 நொடி தள்ளிப்போடுவது என்றால் ரேஸ் முழுவதையும் தாண்டிவிடுவது. அதனால் டிக்கியில் பெரிய டேங்க் வைத்து அதில் ஐஸ் கொட்டுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகவே 334 கிலோஜூல் வேண்டும். மேலே சொன்ன இரண்டு லிட்டர் கூலன்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2018 மாடல் டாட்ஜ் டீமனில் ஏ.சி.யின் குளிரையே இந்தத் தண்ணீருக்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் அது இன்லெட் காற்றைக் குளிர்விக்கும் தனிச் சுற்று, இன்ஜின் கூலன்டோடு சம்பந்தம் இல்லாதது. உங்கள் வி.ஆர்.எஸ்.-இல் இன்டர்கூலரைக் குளிர்விப்பது காற்றுதான், ஆகவே அந்த வித்தை இங்கே பொருந்தாது.

இவ்வளவுக்கும் பிறகு டேங்க் போட்டே தீருவேன் என்றால் தடுக்க மாட்டேன். கம்பெனி டப்பா வெயிலில் மஞ்சளாகி, தையல் ஓரத்தில் வெடிப்பு கண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சில டப்பாக்களுக்குள் சிலிக்கா பை ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கிழிந்து மணிகள் ஹீட்டர் கோரை (காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டரை) அடைத்த கார்கள் உண்டு, அது இருந்தால் அதற்காகவே மாற்றலாம். அப்போதும் புதிய கம்பெனி டப்பாதான் என் முதல் தேர்வு. அலுமினியம்தான் என்றால் உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா, கம்பெனி அழுத்தத்துக்கே மூடி வருகிறதா, குழாய் வாய்கள் அதே அளவா, கூலன்ட் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய் உண்டா, டேஷ்போர்டு எச்சரிக்கைக்கான லெவல் சென்சார் பொருத்த இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சென்சார் இல்லாவிட்டால் கூலன்ட் கசிவது உங்களுக்குத் தெரியவருவது முள் ஏறிய பிறகுதான். மாட்டுவதற்கு முன் வெந்நீரில் பலமுறை அலசுங்கள். வெல்டிங் துகள்கள் உள்ளே இருக்கும். கூலன்டை வாக்குவம் கருவி வைத்து ஏற்றச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் விரிவதற்குத் தேவையான இடத்துக்கு மேல் காற்றை விடாமல், தயாரிப்பாளர் சொன்ன கோட்டில் நிறுத்துங்கள்.